இருட்டில் வந்த நாற்பது

செங்கல்பட்டில் வாடகைக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த கல்லூரி, 2005 ஜூன் மாதம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் கட்டிய புது வளாகத்துக்கு மாறியது. மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் லாரியில் போயின. இயற்பியல் துறை பன்னீர்செல்வம் மட்டும் தன்னுடைய அளவுப் பெட்டியை லாரிக்காரர்களிடம் கொடுக்க மறுத்துவிட்டான். கல்லூரி வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய டிரங்குப் பெட்டி. உள்ளே முழுக்கக் கறுப்பு வெல்வெட் ஒட்டியிருந்தான். நடுவில் மின்சாரம் கடத்தாத பேக்லைட்டில் செய்த ஒரு ஹோல்டர். அதன் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே கட்டைவிரல் அகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை மாட்டலாம். பக்கவாட்டில் துளையிட்டு விளக்கு. பின்பக்கம் ஒரு கம்பி போய் மீட்டரில் சேரும். மூடியைச் சாத்திவிட்டால் சூரியனே வந்து நின்றாலும் உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாது. செங்கல்பட்டில் அதைச் செய்து முடித்த அன்று காலி ஹோல்டரை அளந்து பார்த்தான். மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்க்க ஆறு மாதம் உழைத்திருந்தான். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியில் யார் என்ன சாம்பிள் செய்தாலும், "பன்னீர்கிட்ட குடுத்து அளந்துட்டு வாங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

புது வளாகத்தில் அவனுடைய அறைக்கு நேர் மேலே மாடியில் வேதியியல் துறை. அங்கேதான் வசுமதி இருந்தாள். செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். வயது முப்பத்து நாலு. கல்யாணமாகிப் படூரில் குடியிருந்தாள். பாடம் நடத்திக்கொண்டே, கல்லூரித் துணை முதல்வராகவும் இருந்த நரசிம்மன் பேராசிரியரின் கீழ் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். டெல்லியிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு திட்டம் கிடைத்திருந்தது. நல்லபடி போனால் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள். கரிமச் சேர்மங்களைக் கொண்டு ஒளி உணரி செய்ய வேண்டும். சிலிக்கான் மாதிரி உருக்கி அறுக்க வேண்டியதில்லை. சாயத்தைக் கரைத்துக் கண்ணாடியில் பூசுகிற மாதிரி பூசி, மேலே அலுமினியம் படிய வைத்தால் போதும். வெளிச்சம் பட்டால் மின்சாரம் ஓடும்.

சிக்கல் வேறெங்கோ இருந்தது. வெளிச்சம் படாதபோதும் கொஞ்சம் மின்சாரம் ஓடும். டார்க் கரண்ட் என்பார்கள். அது பெரிதாக இருந்தால் மங்கலான வெளிச்சம் தரும் சின்ன மின்சாரம் அதில் மூழ்கிப்போகும். மீன் ஏலத்துக்கு நடுவே நின்று ஒருவர் காதில் ரகசியம் சொல்வது போல. அந்தக் கூச்சலை அடக்குவதுதான் வசுமதியின் வேலை. மூலக்கூறின் முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் கிளைகளை மாற்றினாள். கிளையை நீட்டினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. கிளையைப் பிளந்துவிட்டால் இன்னும் விலகி நிற்கும். நுனியில் எலக்ட்ரானை இழுக்கிற ஒரு தொகுதியை வைத்தால் இருட்டில் மின்னூட்டம் உள்ளே புகுவதே கடினமாகும். அவளுடைய நோட்டில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட ஒன்பது மூலக்கூறுகள் வரைந்திருந்தன. ஒவ்வொன்றையும் செய்து, சுத்தப்படுத்தி, படிகமாக்கி எடுக்க இரண்டு மாதம் ஆகும். கடைசிப் படிகம் நல்ல ஆரஞ்சு நிறம். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் நுனியை விட்டுப் போகாது. அவளுடைய பெண் வைஷாலி, தனக்கு வைத்துவிடாமல் அம்மா மட்டும் மருதாணி வைத்துக்கொள்கிறாள் என்று கோபித்துக்கொண்டதை வசுமதி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முதல் சாம்பிளைப் பன்னீர்செல்வம் அளந்தான். இருட்டில் நாற்பது நானோ ஆம்பியர். அதிகம்தான். முதல் முயற்சி என்று இருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, முப்பத்தெட்டு. மூன்றாவது, நாற்பத்தொன்று. நான்காவதில் கிளையை இரண்டு மடங்கு நீட்டியிருந்தாள். நாற்பது.

அடுத்த வருடம் கோடை மழை கொட்டிய ஒரு வாரத்தில் ஐந்தாவதை எடுத்துக்கொண்டு வந்தாள். அறுபது காட்டியது. அவள் பழைய நான்காவதை மறுபடி அளக்கச் சொன்னாள். அதுவும் அறுபது.

"மழை நாள்ல எல்லாமே ஏறுது சார், கவனிச்சீங்களா?"

"ஈரம் பூச்சுக்குள்ள போவுது மேடம். அது இந்த மெட்டீரியலோட குணம். சுத்தம் பத்தல."

அவள் அதை நம்பினாள். அவன் சொன்னால் நம்பாதவர் யார்? மாடிக்குப் போய் ஒரு முறைக்கு மூன்று முறை படிகமாக்கினாள். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைசலைத் திரும்பத் திரும்ப இறக்கி வடித்தாள். வினையூக்கியின் உலோகத் துணுக்கு ஒட்டியிருக்குமோ என்று அதற்கும் ஒரு வழி தேடிப் பிடித்துக் கழுவினாள். ஏழாவதை எடுத்து வந்தபோது அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முப்பத்தொன்பது என்று அவன் சொன்னதும் கண்ணாடித் துண்டை வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவளுக்காக அவன் மனம் வருந்தியது நிஜம். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் ஓர் அலுப்பும் இருந்தது. இந்தம்மாவுக்கு வேதியியல் கை கூடவில்லை என்று ஒரு முடிவுக்கு அவன் வந்துவிட்டிருந்தான்.

2007 ஏப்ரலில் டெல்லிக் குழு வந்தது. மூன்று பேர். மோர் கொடுத்து உட்காரவைத்து, நரசிம்மன் முன்னுரை சொல்லி, வசுமதியைப் பேசவிட்டார். ஒன்பது மூலக்கூறுகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். கடைசியில் எண்களின் பட்டியல் வந்தது. குழுவில் வயதானவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இத்தனை மாற்றியும் ஒன்றுமே மாறவில்லையே என்று கேட்டார்.

"அதுதான் சார் எனக்கும் புரியல. நான் எதை மாத்தினாலும் ஒரே நம்பர் வருது" என்றாள் வசுமதி.

அவர் பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பி, அளவில் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டார். பன்னீர்செல்வம் எழுந்து நின்றான்.

"மீட்டர்ல தப்பே கெடையாது சார். வருஷா வருஷம் மெட்ராஸ்ல குடுத்து சரிபார்த்து சர்டிபிகேட் வாங்கறோம். இந்தக் குடும்பத்து மெட்டீரியல் இதுக்கு லாயக்கு இல்லன்னுதான் என் அபிப்பிராயம்."

அவன் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மை. அவர் கேட்டது மீட்டரைப் பற்றி மட்டும் அல்ல என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. வசுமதி மேடையில் நின்றபடி அவனைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டானோ என்று காத்திருக்கிற பார்வை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

திட்டம் நீட்டிக்கப்படவில்லை. முடிவு இல்லாமல் ஆய்வேடு எழுத முடியாது. வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நரசிம்மன் சொன்னார். வசுமதி ஒரு வாரம் யோசித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்தாள். ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். போகிற அன்று கீழே வந்து, மிச்சமிருந்த நான்கு பொடிகளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுத் தாளில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை, உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்றாள். நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது. தன் நோட்டையும் மாடியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அதே வருடம் நவம்பர் பன்னிரண்டாம் தேதி. மூன்று நாளாக மழை. திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து தபாலில் வந்த சாம்பிளை அளக்க எடுத்து மேசையில் வைத்தான் பன்னீர்செல்வம். போன் அடித்தது. நரசிம்மன், தேர்வு வேலை பற்றி. பேசிவிட்டு வந்து பெட்டியைச் சாத்தினான், மின்னழுத்தத்தைக் கொடுத்தான், மீட்டர் நிலைக்கும் வரை காத்திருந்தான். ஐம்பத்திரண்டு நானோ ஆம்பியர். நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டான். சாம்பிளை வெளியே எடுக்க மூடியைத் திறந்தான்.

உள்ளே ஒன்றும் இல்லை. கிளிப்புகள் இரண்டும் வெறுமே நின்றன. திருச்சிக் கண்ணாடித் துண்டு மேசையில் காகிதத்தின் மேல் வைத்த இடத்திலேயே கிடந்தது.

மூடினான். மறுபடி அளந்தான். ஐம்பத்திரண்டு. திறந்து பார்த்தான். மறுபடி மூடினான். 

அட்டெண்டர் ஏசுபாதம் டீ கொண்டுவந்தவர், வாசலிலேயே நின்றார்.

"இன்னா சார், அப்டியே நின்னுகினு கீறீங்க?"

பன்னீர்செல்வம் ஹோல்டரைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பேக்லைட்டின் மேல் மூச்சு பட்டாற்போல் ஒரு மங்கல். விரலால் தேய்த்தால் நறநறத்தது. உப்பு. செங்கல்பட்டில் இல்லாத கடற்காற்று, இரண்டரை வருடமாக ஜன்னல் வழியே வந்து அங்கே படிந்திருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈர உப்பின் வழியே ஒரு கிளிப்பிலிருந்து மறு கிளிப்புக்கு மின்சாரம் கசியும். இத்தனை நாளும் அவன் அளந்தது அந்தக் கசிவைத்தான். வசுமதியின் மூலக்கூறுகள் கொடுத்தது அதற்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது.

"ஸ்பிரிட் இருக்குதா ஏசுபாதம்?"

துடைத்தான். விளக்கடியில் காயவைத்து அளந்தான். மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

மறுநாளே ஈரம் ஒட்டாத டெஃப்லானில் புது ஹோல்டர் கடைந்து வாங்கினான். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளைக் கொட்டினான். ஃப்ரிட்ஜிலிருந்து நான்கு குப்பிகளையும் எடுத்துக் கரைத்து, பூசி, அலுமினியம் படியவைத்து அளந்து முடிக்க மூன்று வாரம் ஆனது. நான்காவது, ஒன்பது நானோ. ஐந்தாவது, இரண்டு. ஏழாவதுக்கு நானோவில் எண்ணே வரவில்லை. அதற்கும் ஆயிரம் மடங்கு சிறிய பிகோவுக்கு மீட்டரை இறக்க வேண்டியிருந்தது, இருநூறு. ஒன்பதாவது, முப்பது பிகோ. வரைதாளில் நான்கு புள்ளிகளும் படிக்கட்டு இறங்குவது போல் இறங்கின. அவள் தன் நோட்டில் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தாளோ அதே வரிசையில்.

ஒரு நிமிடம் அவனுக்கு எல்லாம் மறந்து சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அழகான வரிசையை அவன் வாழ்நாளில் அளந்ததில்லை. பிறகுதான் ஏப்ரல் மாதத்து ஹாலும், மேடையில் நின்று அவள் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டிப் படூருக்குப் போனான். மூன்றாவது மாடி வீடு. வசுமதி உற்சாகமாக வரவேற்றாள். விரல்கள் சுத்தமாக இருந்தன. காபி கொடுத்துவிட்டுப் புது வேலையைப் பற்றிச் சொன்னாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலை. தப்பைக் கண்டுபிடித்தால் அங்கே பாராட்டுகிறார்கள், வேடிக்கையாக இருக்கிறது என்றாள். நிம்மதியாகத் தூங்குகிறேன் சார் என்றும் சொன்னாள். பையில் இருந்த காகிதத்தின் மேல் அவன் கை இருந்தது. இப்போதுதான் ஆறின புண், இதைச் சொல்லி ஏன் கிளற வேண்டும் என்று நினைத்தான். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

கேளம்பாக்கம் வருவதற்குள் அது பொய் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அவளுடைய தூக்கத்துக்காக அவன் வாயை மூடவில்லை. இரண்டரை வருடத்தில் ஏழு கல்லூரிக்காரர்கள் அந்தப் பெட்டியில் அளந்து கொண்டுபோயிருந்தார்கள். ஒருவரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். "பன்னீர்கிட்ட குடு" என்கிற பேச்சு ஒரே நாளில் நின்றுபோகும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அப்புறம் பொங்கல் கழியட்டும் என்றான். ஜனவரி முழுக்கப் புது ஹோல்டரில் எண்கள் கச்சிதமாக வந்துகொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி நூலகக் கணினியில் ஒரு ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஆரஞ்சு நிறத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அதே முதுகெலும்பு. அதே பிளந்த கிளை. நுனியில் அதே தொகுதி. வசுமதியின் ஒன்பதாம் எண், ஒரு அணுகூட மாறாமல். இருட்டில் ஐம்பது பிகோ என்று போட்டிருந்தார்கள். கீழே, கட்டுரை இதழுக்கு வந்து சேர்ந்த தேதி, யார் முந்தினார்கள் என்று சொல்லும் தேதி, இருந்தது: ஜனவரி 14.

அவன் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான். நவம்பரிலிருந்து ஜனவரி 14 வரை எண்ணிப் பார்க்க விரல்கூடத் தேவைப்படவில்லை.

புதுப்பட்டினத்தில் அவன் வீடு சந்தைக்குப் பின்தெருவில். மனைவி சரோஜா தபால் ஆபீசில் வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம் அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து சொன்னான். உப்பைப் பற்றிச் சொன்னபோது அவள் தலையாட்டினாள். அந்த ஊரில் உப்பு தின்னாத ஸ்விட்ச் போர்டு எது? பேச்சு படூர் காபிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"நீ தப்பா அளந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்யா. தெரிஞ்சதுக்கப்புறம் மூணு மாசம் இன்னா பண்ணிகினு இருந்த?"

 நாளைக்கே போய்ச் சொல்லு, இல்லாட்டி நான் போய்ச் சொல்றேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

வசுமதியின் ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. மறுநாள் மதிய இடைவேளையில் கழுத்தில் அட்டையோடு வந்தாள். பன்னீர்செல்வம் வரைதாளை மேசையில் விரித்தான். எழுத்துப் பிசகாமல் நடந்ததைச் சொன்னான். ஆனால் தேதி எதையும் சொல்லவில்லை.

அவள் அந்த நான்கு புள்ளிகளைப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஒன்பது எவ்வளவு சார்?"

"முப்பது பிகோ."

"முப்பது." வாயைப் பொத்திக்கொண்டாள். "பிளந்த கிளைதான். நான் சொன்னேன்ல? ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல எட்டு மட்டும் கொஞ்சம் மேல போயிருக்கும், பாருங்க. அதோட பொடி இல்லயே." விரலால் மேசைமேல் அந்த மூலக்கூறை வரைந்துகொண்டே போனாள். அவள் இப்படி வேகமாகப் பேசி அவன் இரண்டு வருடமாகக் கேட்டதில்லை. அந்த ஐந்து நிமிடத்தை அவளிடமிருந்து பிடுங்க அவனுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் பையில் இன்னொரு காகிதம் இருந்தது. எடுத்து வைத்தான்.

அவள் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்தாள். விரல் நின்றது. அடிக்குறிப்பு வரை போனாள். தப்பு தேடுவதே தொழிலாகிவிட்டவள் அல்லவா. தேதியில்தான் கண் நின்றது.

"உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சது?"

போன வாரம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது.

"நவம்பர் பன்னண்டு."

"வூட்டுக்கு வந்தீங்களே, டிசம்பர்ல."

"ஆமா மேடம்."

"அப்ப பையில இது இருந்ததா?"

அதற்கும் ஆமென்று தலையை ஆட்டினான். அவள் வரைதாளை நிதானமாக மடித்து அவன் பக்கம் தள்ளினாள். டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

"உப்பு படிஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். இன்னும் ஏதோ சொல்லப்போவது போல் இருந்தாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போனாள். ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி வேகமாக வந்தது. அவள் பாதியில் நின்று, அது போனபிறகு தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் அவன் செய்தான். ஏழு கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதினான். நாலு பேர் பதில் போட்டார்கள்; ஒருவர், தன் மாணவன் பட்டம் வாங்கிப் போய்விட்டான், இப்போது என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டிருந்தார். டெல்லிக்கு எழுதியதற்கு, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. நரசிம்மன் அவனைக் கூப்பிட்டு, அளவு அறையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வசுமதி மறுபடி பதிவு செய்தால் தன் அறையிலேயே இடம் தருவதாகவும் சொன்னார். பன்னீர்செல்வம் அதை அவளுக்கு மின்னஞ்சலில் எழுதினான். பதில் வரவில்லை.

ஒன்பதாவது போய்விட்டாலும் அந்த வரிசை போகவில்லை. கிளையை மாற்ற மாற்ற டார்க் கரண்ட் எப்படி இறங்குகிறது என்று படிப்படியாக யாரும் காட்டியிருக்கவில்லை. அவள் நோட்டைப் பார்த்து மாடியில் ஒரு ஆய்வு மாணவியைக் கொண்டு, பொடி இல்லாத மற்ற ஐந்தையும் செய்யவைத்தான். எட்டாவது, அவள் சொன்னபடியே கொஞ்சம் மேலே போயிருந்தது. கட்டுரையை எழுதி அவள் பெயரை முதலில் போட்டு, கையெழுத்துக்கான படிவத்தோடு படூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினான்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தாள். கடிதம் இல்லை. ஆனால் கட்டுரையின் பதினாலு பக்கத்திலும் சிவப்பு மையால் திருத்தியிருந்தாள். ஐந்தாவதன் விளைச்சல் அறுபத்திரண்டு சதவீதம், இருபத்தாறு அல்ல. கிளை பிளப்பது இரண்டாவது கார்பனில், மூன்றாவதில் அல்ல. "இது என் ஊகம், நிரூபிக்கவில்லை, அப்படியே எழுதுங்கள்" என்று ஓரிடத்தில் ஓரத்தில் எழுதியிருந்தாள். பன்னீர்செல்வம் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தான். நவம்பரில் இப்படி இருவரும் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அந்த அறையில், அந்த மேசையில்.

இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது, யாரும் அதிகம் படிக்காத ஒரு சின்ன இதழ், 2009 கடைசியில் போட்டது. அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு அவன் நேரே படூருக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு ஹைதராபாத் போய்விட்டார்கள், மாற்றல் என்று காவல்காரர் சொன்னார். விலாசம் வாங்கித் தபாலில் அனுப்பினான். சரோஜாவே தன் கையால் முத்திரை குத்தினாள்.

ஒரு மாதம் கழித்து, வகுப்பு முடிந்து வெளியே வரும்போது செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. "வந்தது சார். மூணாம் பக்கம், கடைசிப் பத்தி, ஒரு எழுத்துப் பிழை. வசுமதி."

பன்னீர்செல்வம் தாழ்வாரத்திலேயே நின்று பதில் அடிக்க ஆரம்பித்தான். நாலு வரி அடித்தான், அழித்தான். மறுபடி இரண்டு வரி அடித்து அதையும் அழித்தான். கடைசியில் "பார்க்கிறேன் மேடம்" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அறைக்குப் போய், இதழை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தான். அவள் சொன்னது சரி. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்துத் தன்னுடைய பிரதியில் அதைத் திருத்தினான். மற்ற பிரதிகள் எங்கெங்கே போயிருந்தனவோ.